பெயர் சொல்லாமல் தேடினார்கள்

என் எழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். நான் கடைசியாகத் தமிழில் ஒரு பக்கம் முழுக்க எழுதியது நம் தோட்டப் பள்ளியில், ஆறாம் வகுப்புச் சோதனையில். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் பாராங்கத்தி, லாரி ஸ்டீரிங், இப்போது தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் வண்டி. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரி மேலே ஏறிப் போகிறது. ல, ள, ழ மூன்றும் எனக்கு அன்றும் தகராறு, இன்றும் தகராறு. தப்பு இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

நம் வகுப்புக்காரர்கள் ஆளுக்கொரு பழைய கதை எழுத வேண்டும் என்று கைத்தொலைபேசிக் குழுவில் பேசி முடிவு செய்தீர்கள். எல்லாரும் சிரிப்பு வருகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படி ஒன்று யோசித்துப் பார்த்தேன். எதை யோசித்தாலும் இதில்தான் வந்து நிற்கிறது. குழுவில் குரல் பதிவு போட எனக்கு வெட்கம், அதனால் தாளில் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை. உங்களுக்குத் தெரியும்.

கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்து புகைமூட்டம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நாம் ஆறாம் வகுப்பு. காலையில் வரிசையில் நின்றால் கொடிக்கம்பத்தின் உச்சி தெரியாது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கலாம், சிவப்பாக, சூடே இல்லாத மாதிரி தொங்கும். கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையை எடுத்து மாட்டினால் அடுப்படியில் கிடந்த துணி மாதிரி நாறும். கித்தாக் காட்டில் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் இருமிக்கொண்டே போய் இருமிக்கொண்டே வந்தார்கள்.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் என் கூட்டாளி நம் வகுப்புக்கு வந்தான். அவன் இருந்த தோட்டம் செகாமட் பக்கம், பெரிய காட்டை ஒட்டியது. அதை விற்றுவிட்டார்கள். அப்பா இல்லாத பிள்ளை. அவனும் அவன் அம்மாவும் ஒரு தையல் மிஷின், இரண்டு மூட்டையோடு லாரியில் வந்து லயத்து வரிசையில் கடைசி வீட்டில் இறங்கினார்கள். அவன் அம்மாவுக்குப் புல் மருந்து அடிக்கிற வேலை கிடைத்தது. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு போவார். கண் மட்டும்தான் தெரியும். நம் பெண்கள் அவரைப் பெயர் சொல்லியோ அக்கா என்றோ கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'வந்தவங்க' என்பார்கள். 'வந்தவங்க வீட்டுல நாய் குட்டி போட்டுருக்கு', அப்படி.

நான் பேசாதவன். அவன் ஓயாமல் பேசுவான். முதல் நாளே என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஊமையா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப சரி. நீ பேசாத, நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிறேன்" என்றான். ஆசிரியர் என்னைக் கேள்வி கேட்டால் இவன் பதில் சொல்லி, அதற்கு இருவரும் சேர்ந்து நின்றிருக்கிறோம். வேலையாட்களை மேய்க்கிற பெரிய மண்டோர் மாதிரி பேசிக் காட்டுவான். மண்டோர்தான் அப்போது கோயில் தலைவரும். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வாரே, அதை அப்படியே செய்வான். நாம் எல்லாரும் சிரித்திருக்கிறோம். ஒருநாள் மண்டோரே பின்னால் வந்து நின்றதும் உங்களுக்குத் தெரியும்.

என் சித்தப்பா அப்போது ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். சோதனை முடிந்தால் காட்டுப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தார். அங்கே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், மேலே நடந்தால் ஆடும் என்றார். நான் கூட்டாளியையும் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். நான் வாய் திறந்து ஒன்று கேட்டதே அவருக்கு ஆச்சரியம்.

கூட்டாளி சிரித்தான். "வீட்டுக்குப் பின்னாடி கித்தா மரம். முன்னாடி செம்பனை. இதுல மரத்தப் பாக்க வேன்ல போறோம். யாருகிட்டயும் சொல்லாத லா, மானம் போயிரும்." ஆனால் சனிக்கிழமையே காலணியைக் கழுவி வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை அவன் அம்மா வேன் வரை வந்தார். டின் போணியில் சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக் கொடுத்தார். முகத்தில் துணி இல்லாமல் அவரைப் பகலில் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். சின்ன வயசுப் பெண்தான். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், இன்றைய என் வயதைவிடப் பத்து வயதாவது குறைவாக இருந்திருப்பார். "தம்பி, பாத்துக் கூட்டிட்டு வாங்க. இவன் ஒரு எடத்துல நிக்க மாட்டான்" என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

"நம்ம பிள்ள மாதிரிதாங்க. ஒண்ணும் ஆகாது."

பிறகு மகனை வேன் கதவுக்கு அந்தப் பக்கம் இழுத்து, காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். அவன் "தெரியும்மா, தெரியும்மா" என்று நெளிந்தான்.

இரண்டு நாள் முன்னால் மழை பெய்து புகை கொஞ்சம் கலைந்திருந்தது. போகும் வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனோம். பூங்கா வாசலில் பிளாஸ்டிக் பையில் கட்டிய சிராப் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார் சித்தப்பா. ரப்பர் வளையத்தில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டே உள்ளே போனோம். அந்தச் சிவப்பு இனிப்பு இன்றும் எங்காவது கல்யாண வீட்டில் கொடுத்தால் நான் கையில் வாங்கிக் கீழே வைத்துவிடுவேன்.

உள்ளே குளிர்ச்சி. நம் கித்தாக் காடு மாதிரி வரிசை கிடையாது. ஒவ்வொரு மரத்திலும் மலாய்ப் பெயர்ப் பலகை அடித்திருந்தார்கள். வேர்கள் சுவர் மாதிரி எழுந்து நின்றன. கூட்டாளி ஒரு வேருக்குள் போய் நின்றுகொண்டு, "இதுல ஒரு குடும்பம் இருக்கலாம்டா. லயத்தவிட பெருசு" என்றான். பாலத்தில் ஏறினோம். நடுவில் போனதும் அவன் வேண்டுமென்றே ஆட்டினான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "கத்து. பயமா இருந்தா கத்துடா. வாய எதுக்கு வச்சிருக்க?" நான் கத்தவில்லை. எனக்கு அது வராது.

பாலத்தை விட்டு இறங்கிச் சோறு தின்றோம். சித்தப்பா வாசல் கடையில் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தார், அரை மணியில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். கூட்டாளிக்கு ஒன்றுக்கு வந்தது. கழிவறை வாசல் பக்கம். "அவ்ளோ தூரம் போறதுக்குள்ள வழியிலயே முடிஞ்சிரும்" என்று பாதையை விட்டு இறங்கினான். அப்போது ஒரு கூட்டம் மலாய்ப் பெண்கள் பாலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவன் கூச்சப்பட்டு இன்னும் உள்ளே போனான். போகும்போது, காட்டில் ஒன்றுக்குப் போகிறவர்கள் அங்கே இருப்பதிடம் அனுமதி கேட்டுக்கொள்வது போல, "தாத்தா, பேரன் வர்றேன், கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க" என்றான். அதையும் மண்டோர் குரலில், தொண்டையைச் செருமிவிட்டுத்தான் சொன்னான். நான் சிரித்தேன்.

அவன் திரும்பி வரவில்லை.

முதலில் விளையாடுகிறான் என்று நினைத்தேன். பிறகு பாதை ஓரத்தில் நின்று "டேய்" என்று கூப்பிட்டேன். "டேய், வாடா" என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் உங்கள் பிள்ளைகள் வாசித்தால் புரியாது, அதனால் எழுதுகிறேன். காட்டுக்குள் போனால் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது நம் தோட்டத்து வழக்கம். கூப்பிட்டால் காட்டில் இருப்பதற்குப் பெயர் தெரிந்துவிடும், அது பிறகு ஆளை விடாது. விறகுக்குப் போகும்போது நம் அம்மாக்கள் "ஏய் பிள்ள", "இந்தாடி" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நடக்கப் பழகும்போதே இதுவும் நமக்குப் பழகிவிட்டது. வந்தவங்க வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

சித்தப்பா வந்தார். அவன் போன பக்கம் கையைக் காட்டினேன். அவர் உள்ளே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். சட்டை நனைந்திருந்தது. பூங்காக் காவலர் ஒருவர் கூட வந்தார், வயதான மலாய்க்காரர். சித்தப்பா பதற்றத்தில் பையன் பெயரைச் சொல்ல வாய் எடுத்தார். காவலர் உடனே விரலை உதட்டில் வைத்து, "ஜாங்கான் பங்கில் நாமா" என்றார். பெயரைக் கூப்பிடாதே என்று. சித்தப்பா தலையை ஆட்டினார். இரண்டு பேரும் "ஓய்", "அடிக்", "தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். ஒருவர் வழக்கமும் மற்றவர் வழக்கமும் ஒன்றாக இருந்ததில் அவர்களுக்கு ஒரு தைரியம் வந்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

மதியத்துக்குப் பிறகு புகை மறுபடியும் இறங்கியது. சித்தப்பா காசுத் தொலைபேசியில் தோட்டத்து ஆபீசுக்குப் பேசினார். மாலை தோட்டத்து லாரி வந்தது. மண்டோர் முன்னால் உட்கார்ந்திருந்தார், பின்னால் ஆண்கள் டார்ச்சும் கத்தியுமாக. என் அப்பாவும் இருந்தார். கூட்டாளியின் அம்மா இல்லை.

அவர் ஏன் வரவில்லை என்பதை என் அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். லாரி கிளம்பும்போது அவர் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "நானும் வர்றேன். நான் கூப்பிட்டாத்தான் வருவான். வேற யாரு கூப்பிட்டாலும் வரமாட்டான்" என்றாராம்.

மண்டோர், "எல்லாப் பெத்தவளும் சொல்றதுதான் தாயி. நீ இரு, நாங்க கொண்டாந்துருவோம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பலகையை விடவில்லை. இரண்டு பெண்கள் வந்து கையைப் பிரித்திருக்கிறார்கள். ஒருத்தி என் அம்மா. லாரி நகர்ந்த பிறகு மண்டோர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னாராம்: "அந்தப் பொம்பளைய ஏத்தினா உள்ள போய் பேரச் சொல்லிக் கத்தும். பையன் கெடைக்கிறது போய் அவளையும் தேடணும்."

மண்டோர் கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலம் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் முள்ளுக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். கணுக்காலெல்லாம் ரத்தம்.

என்னை வேனுக்குள் உட்கார வைத்திருந்தார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. புகைக்குள் டார்ச் வெளிச்சங்கள் மஞ்சள் மஞ்சளாகப் போய் வந்தன, மரம் எங்கே ஆள் எங்கே என்று தெரியவில்லை. "தம்பி... ஓய்... தம்பி வாப்பா..." என்று பல குரல்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாத மாதிரி இருந்தது. உலகத்தில் இருக்கிற எல்லாத் தம்பிகளையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். பாலத்துப் பக்கம், பாதை ஓரத்தில் போய் நின்று, என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தினேன். அவன் பெயரைத்தான் கத்தினேன்.

முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. பின்னாலிருந்து சித்தப்பாவின் கை வந்து என் வாயைப் பொத்திவிட்டது. பெட்ரோலும் சிகரெட்டும் நாறிய கை. அவர் விரல் என் பல்லில் பட்டது. "வேணாண்டா. வேணாண்டா சாமி. உன்னையும் புடிச்சிரும்" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் போட்டுக் கதவைச் சாத்தினார்.

இருட்டியதும் தேடுவதை நிறுத்தி எல்லாரும் திரும்பினோம். மறுநாள் காலை போலீஸ்காரர்கள் வந்து, வரிசையாக நின்று, ஒவ்வோர் அடியாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் யாரையும் கூப்பிடவில்லை. பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், இலை மூடிய ஒரு சரிவுக்குக் கீழே, கல் ஓடையில் அவன் கிடந்தான். உயிரோடு இருந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து எலும்பு வெளியே வந்திருந்தது. இரவெல்லாம் ஓடைத் தண்ணீர் அந்தப் புண் மேல் போயிருக்கிறது.

மலாக்காவில் பெரிய மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வார்டில் மருந்து வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது, அது என் கூட்டாளியின் கட்டிலிலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. அவன் அம்மா ஈரத் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவன்தான் பேசினான். "வந்துட்டியா ஊம."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "விழுந்தது தெரியல. முழிச்சப்ப இருட்டற மாதிரி ஆயிருச்சு" என்றான். "மேல லைட்டு போச்சு. ஒருத்தரோட செருப்புகூட தெரிஞ்சிச்சு."

சித்தப்பா பக்கத்தில் வந்தார். "அப்ப ஏன்டா சத்தம் குடுக்கல?"

"தம்பி, தம்பின்னுதானே கூப்புட்டாங்க." பிறகு அம்மாவைப் பார்த்தான். "அம்மா சொல்லியிருக்காங்க. காட்டுல அது தெரிஞ்ச கொரல்லயே கூப்புடும். வா தம்பின்னு கூப்புடும். அதுக்குப் பேரு தெரியாது. பேரு சொல்லிக் கூப்புட்டா மட்டும்தான் ஏன்னு கேக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அழுதா அதுக்குக் கேக்கும்னு சட்டையக் கடிச்சிக்கிட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான்.

"நீ கத்துனியாடா?"

தலையை ஆட்டினேன்.

"உன் கொரல் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நீ கத்த மாட்டியே. பேரும் பாதிதான் வந்துச்சு." வெடித்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தான். "அது என் பேரக் கொஞ்சங் கொஞ்சமா கத்துக்கிட்டு வருதுன்னு நெனைச்சிட்டேன்டா."

சித்தப்பா வார்டை விட்டு வெளியே போய்விட்டார். போகும்போது யாருடைய நாற்காலியையோ இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். கூட்டாளியின் அம்மா உதட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. துணி காய்ந்துபோயிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை.

எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். அதே பூங்காவுக்குப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறார்களாம். நான் தினமும் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம்தான் போகிறேன், பெரிய சாலையிலிருந்து மரங்கள் தெரியும். போய் வா என்று சொல்லிவிட்டேன். தொலைந்துபோனால் கத்து, யார் எப்படிக் கூப்பிட்டாலும் கத்து என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வீட்டில் நான் சத்தமாகப் பேசியே அவள் கேட்டதில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் அவன் போய்விட்டான். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று நர்ஸ் சொன்னார்களாம். நம் லயத்தில் வேறு மாதிரி பேசினார்கள். காடு பார்த்து வைத்துக்கொண்டது, ஆளைத் திருப்பிக் கொடுத்தாலும் உயிரைக் கொடுக்கவில்லை என்றார்கள். வயதில் சின்னவன் என்பதால் எரிக்கவில்லை, கித்தாக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் மயானத்தில் புதைத்தார்கள். நீங்களும் வந்தீர்கள், நம் வகுப்புப் பையன்கள் எல்லாரும் பள்ளிச் சட்டையோடு வந்தோம். பெண்கள் வீட்டில் நின்றுவிட்டார்கள், வழக்கப்படி.

உங்களில் சிலர் முன்னாலேயே ஓடிப் போய்விட்டீர்கள், அதனால் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆண்கள் குளித்து ஈரத் துணியோடு திரும்பி வந்துகொண்டிருந்தோம். கித்தா மரங்கள் முடிகிற இடத்தில் சத்தம் கேட்டது. கடைசி வீட்டுக்குப் பின்னால், அவரே மருந்து அடித்துக் காய்ந்துபோன புல்லில் நின்றுகொண்டு, கூட்டாளியின் அம்மா மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் பெயரை, முழுப் பெயரையும். ஒப்பாரி இல்லை. சோறு ஆறுகிறது, வா என்று வாசலில் நின்று கூப்பிடுவோமே, அந்தக் குரல்.

கூட்டத்தில் ஒருவர், "மயானத்தப் பாத்துப் பேரச் சொல்லுது பாரு. யாராச்சும் போய் அந்தம்மா வாயப் பொத்துங்க" என்றார்.

"யாரும் கிட்டப் போகக் கூடாது" என்றார் சித்தப்பா. பிறகு மண்டோரிடம் திரும்பினார். பையன் மருத்துவமனையில் சொன்னதை, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒன்று விடாமல் சொன்னார். "அன்னிக்கு இவங்கள லாரில ஏத்தியிருக்கணும் மண்டோரே. நானும் இவன் வாயப் பொத்தியிருக்கக் கூடாது."

மண்டோர் ஈரத் துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

கூட்டாளியின் அம்மா கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிற அளவுக்கு நேரம் கொடுப்பார். அது கொட்டை வெடிக்கிற பருவம். மரத்துக்குள் எங்கேயாவது ஒரு ரப்பர்க் கொட்டை வெடித்துச் சருகில் விழும். அவர் அந்தப் பக்கம் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். பிறகு மறுபடியும் கூப்பிடுவார்.

எழுதி முடித்தது: ஐப்பசி, தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.